மண்ணின் வெம்மை: புவிவெப்ப ஆற்றலின் வளர்ச்சியும் தடைகளும்

ஊர்ப்பெயர்கள் ஒரு நாட்டின் மிகப் பழைய ஆவணங்கள் என்பது மொழியியலார் நன்கறிந்த உண்மை. சிங்கப்பூரின் வடபகுதியில், செம்பவாங்கில், முன்பு ‘கம்போங் ஆயர் பானாஸ்’ என்றொரு சிற்றூர் இருந்தது. மலாய் மொழியில் ‘ஆயர்’ என்பது நீர். ‘பானாஸ்’ என்பது வெப்பம். மலாக்காவிலும் ஆயர் பானாஸ் உண்டு. கோலாலம்பூரின் செத்தாப்பாக் பகுதியிலும் உண்டு. லங்காவியில் அதே பொருள்பட ஆயர் ஹங்காட் உண்டு. நிலவியலார் கருவிகளுடன் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே, இந்நிலத்தின் அடியில் எங்கெங்கே வெப்பம் கனன்று கொண்டிருக்கிறது என்பதை இவ்வூர்ப்பெயர்கள் பதிவு செய்து வைத்துள்ளன. ஈழத்துத் திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் இராவணன் கதையோடு இணைத்துப் பேசப்படுவதும் இத்தகைய பதிவேயாம். அறிந்ததைப் பெயராகவும் கதையாகவும் வைத்துக் காப்பது மாந்தர் இயல்பு.

மண்ணின் அடியில் உள்ள அவ்வெப்பத்தை மக்கள் மின்சாரமாக மாற்றக் கற்றுக்கொண்ட வரலாற்றையும், அவ்வரலாற்றில் எதிர்ப்பட்ட தடைகளையும் இவ்வுரையில் நாம் காணவிருக்கிறோம். இன்று இது நமக்கு எங்கோ நிகழும் செய்தி அன்று. தன் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை இறக்குமதி செய்த இயற்கை எரிவாயுவிலிருந்து பெறும் சிங்கப்பூர், 2050-க்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைச் சுழியமாக்க உறுதி பூண்டுள்ளது. அக்குறிக்கோளுக்குக் காலடி மண் உதவுமா என்னும் கேள்வி இப்போது மெய்யாகவே எழுந்துள்ளது.

சொல்லும் பொருளும்

‘புவிவெப்பம்’ என்பது அண்மைக் காலக் கலைச்சொல். ஆனால் அதன் உறுப்புகள் பழையவை. வெம்மை, வெப்பம், வெயில், வெந்நீர், வெதுப்பு எனத் தமிழில் ஒரு பெருங்குடும்பமே உண்டு. ‘புவி’ வடமொழி வழி வந்தது. மலாயும் இந்தோனேசியமும் வழங்கும் ‘பூமி’ என்ற சொல்லும் அவ்வடமொழி மரபிலிருந்தே வந்தது. இந்தோனேசியர் இவ்வாற்றலைப் ‘பானாஸ் பூமி’ என்கின்றனர். தமிழர் ஒருவர் அச்சொல்லின் பாதியை மொழிபெயர்ப்பின்றியே உணர்ந்துகொள்வார்.

அவ்வெப்பம் எங்கிருந்து வருகிறது? புவி தோன்றிய காலத்தில் அடங்கிய வெப்பம் ஒரு பகுதி. பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் இடையறாது பிறக்கும் வெப்பம் மற்றொரு பகுதி. இவ்விரண்டாம் பகுதியை 19-ஆம் நூற்றாண்டு அறியவில்லை. புவி குளிர்ந்துவரும் வேகத்தைக் கொண்டு அதன் வயதைக் கணக்கிட்ட கெல்வின் பிரபு, உண்மையினும் மிகக் குறைவான விடையையே பெற்றார். 1904-இல் இலண்டனில், கெல்வின் அவையில் அமர்ந்திருக்கையிலேயே, கதிரியக்கமும் ஒரு வெப்ப ஊற்று என்பதை எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு எடுத்துரைத்தார். அதே ஆண்டில்தான் இத்தாலியில் மண்ணின் வெப்பம் முதன்முதலாக மின்விளக்காக ஒளிர்ந்தது. ஒன்றையொன்று அறியாத இவ்விரு நிகழ்வுகளும் ஓராண்டில் அமைந்தமை வரலாற்றின் ஒரு தற்செயல்.

பேய்ப் பள்ளத்தாக்கிலிருந்து ஐந்து விளக்குகள்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் நிலப்பிளவுகளிலிருந்து நீராவி சீறும் பகுதியொன்றைப் ‘பேய்ப் பள்ளத்தாக்கு’ என மக்கள் அழைத்தனர். கந்தக நாற்றமும் கொதிக்கும் குட்டைகளும் அப்பெயரை ஈட்டித் தந்தன. 1777-இல் அக்குட்டைநீரில் போரிக் அமிலம் இருப்பது கண்டறியப்பட்டது. 1818-இல் பிரான்சிலிருந்து வந்த லார்டெரெல் என்பவர் அதனைப் பிரித்தெடுக்கும் தொழிலைத் தொடங்கினார். நீரை வற்றச் செய்ய முதலில் விறகு எரிக்கப்பட்டது. சுற்றியிருந்த காடுகள் குறையவே, 1827 முதல் நிலத்திலிருந்து எழும் வெப்பத்தையே அப்பணிக்குப் பயன்படுத்தினார். விறகுப் பஞ்சமே மண்வெப்பத்தைத் தொழிலுக்குக் கொணர்ந்தது என்பது கருதத்தக்கது. அவர் பெயராலேயே அவ்வூர் ‘லார்டெரெல்லோ’ எனப்பட்டது. பேயின் பெயரைத் தாங்கிய நிலம் தொழில் முனைந்தவரின் பெயரைத் தாங்கத் தொடங்கியது.

1904 சூலை 4 அன்று அத்தொழிலின் தலைவரான பியேரோ ஜினோரி கோன்ட்டி, நீராவியால் ஒரு சிறு மின்னாக்கியை இயக்கி ஐந்து விளக்குகளை எரியச் செய்தார். 1913-இல் அங்கு 250 கிலோவாட் திறனுள்ள நிலையம் வணிக முறையில் இயங்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரின் காலத்தில் அதன் திறன் 100 மெகாவாட்டைக் கடந்திருந்தது. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படையினர் நிலையங்களைத் தகர்த்தனர். கட்டடங்கள் அழிந்தன, வெப்பம் அழியவில்லை. போருக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்ட அந்நிலையங்கள் இன்றளவும் டஸ்கனிக்கு மின்சாரம் வழங்குகின்றன.

வெளுக்கும் சாலை

ஐஸ்லாந்தின் வரலாறு வேறு வகையினது. வெந்நீர்ப் பீச்சூற்றைக் குறிக்க உலக மொழிகள் பலவும் வழங்கும் ‘கெய்சர்’ என்ற சொல், அந்நாட்டின் ‘கெய்சிர்’ என்னும் ஓர் ஊற்றின் பெயரே. ‘பீறிட்டெழுதல்’ எனப் பொருள்படும் வினையடியிலிருந்து அது பிறந்தது. ஓரிடப்பெயர் பொதுப்பெயராக உலகைச் சுற்றி வந்துள்ளது. தலைநகர் ரெய்க்யவிக்கின் பெயர் ‘புகை விரிகுடா’ எனப் பொருள்படும். அங்குள்ள முதன்மைக் கடைத்தெருவின் பெயர் ‘லௌகாவெகுர்’. வெந்நீர்க் குளங்களுக்குத் துணி வெளுக்கச் செல்லும் பெண்கள், சுமையுடன் நடந்த வழி அது. 1930-இல் அக்குளங்களின் அருகில் தோண்டப்பட்ட கிணறுகளின் நீர், குழாய் வழியே ஒரு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சில வீடுகளுக்கும் சென்றது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அரசு இம்முறையை விரைவுபடுத்தியது. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு மண்வெப்பத்தால் குளிர் நீங்குகின்றன.

மின்சாரம் ஒன்றே இவ்வாற்றலின் பயன் அன்று என்பதை ஐஸ்லாந்து காட்டுகிறது. வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்துவது இழப்புக் குறைந்த வழி; மின்சாரமாக மாற்றும்போது பெரும்பகுதி கைநழுவுகிறது.

வளர்ச்சிக்குக் கொடுத்த விலை

லார்டெரெல்லோவில் எழுவது உலர்ந்த நீராவி. அதனை நேரே சுழலிக்குள் செலுத்தலாம். ஆனால் உலகின் பெரும்பாலான இடங்களில் நீரும் ஆவியும் கலந்தே மேலெழுகின்றன. அவற்றைப் பிரித்துப் பேரளவில் மின்சாரம் எடுக்க முடியும் என்பதை நியூசிலாந்தின் வைராக்கேய் நிலையம் 1958-இல் மெய்ப்பித்தது. வறட்சியால் நீர்மின்சாரம் குறைந்த ஆண்டுகளே அம்முயற்சிக்குத் தூண்டுகோலாயின. ஆனால் நிலத்தடி நீரைத் திருப்பித் தராமல் பல்லாண்டு எடுத்ததன் விளைவாக, ஒரு பகுதியில் நிலம் ஏறத்தாழ 15 மீட்டர் தாழ்ந்தது. அருகிலிருந்த பீச்சூற்றுப் பள்ளத்தாக்கின் ஊற்றுகள் அடங்கிப்போயின. ரோட்டோருவா நகரிலோ, வீடுகளும் விடுதிகளும் தோண்டிய கிணறுகளால் புகழ்பெற்ற பொஹுட்டு ஊற்று நலிந்தது. 1980-களின் பிற்பகுதியில் அரசு அக்கிணறுகள் பலவற்றை மூடச் செய்தது, ஊற்றும் மீண்டது. தலைமுறை தலைமுறையாக அவ்வூற்றுகளில் உணவு சமைத்தும் நீராடியும் வாழ்ந்த மாவோரி மக்களுக்கு அது காட்சிப்பொருள் அன்று, வாழ்வின் பகுதி.

கலிஃபோர்னியாவின் ‘தி கெய்சர்ஸ்’ களத்தில் 1960-இல் 11 மெகாவாட் திறனுடன் தொடங்கிய தொழில், 1980-களின் இறுதியில் ஏறத்தாழ 2,000 மெகாவாட்டை எட்டியது. அதன்பின் நீராவியின் அழுத்தம் இறங்கலாயிற்று. தீர்வு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1997 முதல் அண்டை ஊர்களின் கழிவுநீரும், 2003 முதல் சாந்தா ரோசா நகரின் தூய்மிக்கப்பட்ட கழிவுநீரும் நெடுங்குழாய்கள் வழியே கொணரப்பட்டு நிலத்தடியில் செலுத்தப்பட்டன. களம் மூச்சு விட்டது. அங்கு ஏற்படும் சிறு நிலநடுக்கங்கள் இவ்வழியின் விலையாக அமைந்தன.

புவிவெப்பம் தீராதது எனப் பலரும் எழுதுகின்றனர். அது பாதி உண்மை. புவியின் வெப்பம் மனிதக் கணக்கில் தீராது. ஆனால் ஓரிடத்தின் நீரும் அழுத்தமும் தீரும். எடுப்பது ஊறுவதை மிஞ்சினால் கிணறு வற்றும் என்பது நம் உழவர் அறிந்த பாடமே.

நம் அண்டை நாடுகள்

தென்கிழக்காசியாவின் கதை சாவகத் தீவில் தொடங்குகிறது. டச்சு ஆட்சியின்போது, 1926-இல், மேற்குச் சாவகத்தின் காமோஜாங்கில் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் நீராவியை உமிழ்கிறது. அதன் சீழ்க்கையொலி கேட்டு மக்கள் அதனைக் ‘காவா கெரெத்தா அப்பி’, அதாவது ‘தொடர்வண்டி எரிவாய்’ என்கின்றனர். எனினும் 30 மெகாவாட் நிலையம் ஒன்று அங்கு இயங்க 1983 வரை காத்திருக்க நேர்ந்தது. பிலிப்பீன்சில், அர்துரோ அல்கராஸ் என்னும் எரிமலை அறிஞர் 1967-இல் ஆல்பாய் மாநிலத்தின் டிவியில் மண்ணின் நீராவியால் ஒரு விளக்கை எரியச் செய்தார். எண்ணெய் விலை ஏறிய 1970-களில் அந்நாடு இத்துறையில் முனைந்து இறங்கியது. 1979-இல் டிவி நிலையம் வணிக முறையில் இயங்கலாயிற்று. அல்கராஸ் 1982-இல் ரமோன் மகசேசே விருது பெற்றார். இன்று அமெரிக்காவிற்கு அடுத்த இடங்களில் இந்தோனேசியாவும் பிலிப்பீன்சும் நிற்கின்றன.

இந்தோனேசியாவின் சட்ட வரலாறு மொழியியலார் கண்ணில் தனித்துப் படுவது. அந்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் புவிவெப்பப் பணியைச் சுரங்கத் தொழிலின் வகையாகக் கருதியது. எரிமலைச் சரிவுகளோ பெரும்பாலும் காப்புக்காடுகள். சுரங்கத் தொழிலுக்குரிய தடைகள் இதனையும் பிணித்தன. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வகைப்பாட்டை நீக்கியது. மலை மாறவில்லை, நீராவி மாறவில்லை, ஒரு சொல்லின் எல்லை மாறியது. அதனால் காடுகளின் கதவு திறந்தது. அக்கதவு திறந்ததை வரவேற்றோரும் உளர். காட்டை நம்பி வாழ்வோருள் அஞ்சினோரும் உளர். கலைச்சொல் வரையறுப்பதை ஏட்டுப்பணி என எண்ணுவோர் இவ்வெடுத்துக்காட்டை நினைவிற் கொள்ள வேண்டும்.

தடைகள் நான்கு

நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருந்தும், உலக மின்சாரத்தில் புவிவெப்பத்தின் பங்கு ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. காற்றும் கதிரொளியும் அண்மையில் தொடங்கி அதனை முந்திவிட்டன. இரவும் பகலும், மழையிலும் வெயிலிலும் மாறாது இயங்கவல்ல ஓராற்றல் ஏன் பின்தங்கியது? காரணங்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, பணமும் துணிவும். கதிரொளித் தகட்டை வாங்குமுன் வெயில் உண்டா என ஐயுற வேண்டியதில்லை. இங்கோ, பல இலட்சம் வெள்ளி செலவிட்டுத் துளையிட்ட பின்னரே கீழே பயன்படும் நீரும் வெப்பமும் உண்டா எனத் தெரியும். சாபாவின் தாவாவில், ஆபாஸ் கிரி பகுதியில், மலேசியாவின் முதல் புவிவெப்ப நிலையமாக அமையும் எனப் பெரிதும் பேசப்பட்ட திட்டம் ஓர் அலகு மின்சாரமும் தராமலே கைவிடப்பட்டது. எரிபொருள் விலையின்மை பின்னர் வரும் நன்மை. முதலீட்டின் சுமை முன்னர் வரும் சோதனை.

இரண்டாவது, நிலத்தடியிலிருந்து வரும் தீங்கு. நீராவியோடு ஹைட்ரஜன் சல்பைடு முதலிய வாயுக்களும் வெளிவரும். 2021 சனவரியில், வடசுமத்ராவின் மண்டைலிங் நட்டால் பகுதியில் கிணறொன்றைத் திறந்தபோது கசிந்த நச்சுவாயுவால் சிற்றூர் மக்கள் ஐவர் உயிரிழந்தனர். தூய ஆற்றல் என்னும் அடைமொழி அவ்வூர்க் குடும்பங்களின் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, மண்ணுக்கு உரியோர். பிலிப்பீன்சின் அப்போ மலையைத் தெய்வ மலையாகப் போற்றும் பழங்குடியினர் 1980-களின் இறுதியில் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் 1990-களில் அங்கு நிலையம் எழுந்தது. பாலித் தீவின் பெடுகுலிலோ, மலையின் புனிதம் கருதிய இந்து மக்களின் எதிர்ப்பால் திட்டம் நின்றது. கென்யாவில் ஒல்காரியா நிலையங்கள் அந்நாட்டு மின்சாரத்தின் பெரும்பங்கைத் தருகின்றன. அதே நிலையங்களின் விரிவாக்கத்திற்காக மாசாய் மக்கள் இடம் பெயர்க்கப்பட்டு, அது உலக வங்கியின் விசாரணை வரை சென்றது. விளக்கெரியும் நகரும் நிலமிழக்கும் ஊரும் ஒன்றாக இருப்பதில்லை. அவ்விடைவெளியே பூசலின் வேர்.

நான்காவது, நில அதிர்வு. இயற்கையாக வெந்நீர் இல்லாத இடங்களில் ஆழத்திலுள்ள வெப்பப் பாறையை நீரின் அழுத்தத்தால் பிளந்து, அப்பிளவுகளில் நீரைச் சுழலவிட்டு வெப்பம் எடுக்கும் முறையொன்று உண்டு. 1970-களில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் தொடங்கிய இவ்வாராய்ச்சி, எரிமலையில்லா நாடுகளுக்கும் நம்பிக்கை அளித்தது. ஆனால் 2006 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இத்தகைய பணி 3.4 அளவுள்ள நிலநடுக்கத்தை எழுப்பியது. திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. 2017 நவம்பரில் தென்கொரியாவின் போஹாங் நகரைக் குலுக்கிய நடுக்கம் அதனினும் பன்மடங்கு வலியது. அருகிலிருந்த புவிவெப்பப் பணியே அதனைத் தூண்டியது என அரசு அமைத்த ஆய்வுக்குழு 2019-இல் முடிவுரைத்தது.

நம் காலடியில்

இத்தனையும் அறிந்தபின் செம்பவாங்கிற்குத் திரும்புவோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறியப்பட்ட அவ்வூற்றின் நீரை 1920-களில் ஒரு குளிர்பான நிறுவனம் புட்டியிலடைத்து விற்றது. சப்பானியர் ஆட்சிக்காலத்தில் அங்கு வெந்நீர்க் குளியலிடங்கள் அமைக்கப்பட்டன. 2020 சனவரியில் அது பூங்காவாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. பிள்ளைகள் கால்களை நனைக்கவும் பெரியோர் முட்டை வேகவைக்கவும் இடமாக விளங்குகிறது.

சிங்கப்பூரில் எரிமலை இல்லை. எனினும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் வடபகுதியில் துளையிட்டு ஆராய்ந்தபோது, அட்மிரல்டி பகுதியில் 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் 25 முதல் 30 டிகிரி வரையே வெப்பம் கூடும். அக்கணக்கின்படி அவ்வாழத்தில் 80 டிகிரியை ஒட்டியே இருந்திருத்தல் வேண்டும். கருங்கற் பாறைகளின் கதிரியக்கம் இதற்கு ஒரு காரணமாகலாம் என எண்ணும்போது, 1904-இல் ரூதர்ஃபோர்டு கூறியது நம் வீட்டுவாசலுக்கே வந்து நிற்பதை உணர்கிறோம். கொதிநிலை குறைந்த வேறொரு நீர்மத்தை இவ்வெப்பத்தால் ஆவியாக்கிச் சுழலியை இயக்கும் முறை இத்தகைய மிதமான வெப்பத்திற்கும் ஏற்றது. நாடு தழுவிய ஆய்விற்கும் எரிசக்திச் சந்தை ஆணையம் முனைந்துள்ளது.

இது நம்பிக்கைக்கு இடம் தரும் செய்தி; மயக்கத்திற்கு இடம் தருவதன்று. வெப்பம் இருப்பது ஒன்று. அவ்வாழத்தில் நீர் பாய்வதற்கு வழி இருப்பது வேறொன்று. பாசலும் போஹாங்கும் மக்கள் நெருங்கி வாழும் நகரங்கள். அடுக்குமாடிகள் நிறைந்த இத்தீவில் பாறையைப் பிளக்குமுன் அவ்விரு பெயர்களும் நம் நினைவில் நிற்க வேண்டும். குளிரூட்டலுக்கு மின்சாரத்தைப் பெருமளவில் செலவிடும் நாட்டில், வெப்பத்தை நேரே கொண்டு குளிரூட்டும் பொறிகளை இயக்க இயலுமா என்பதும் ஆராயத்தக்கது. ஐஸ்லாந்து குளிரை ஓட்டப் பயன்படுத்தியதை நாம் வெம்மையை ஓட்டப் பயன்படுத்தக்கூடும்.

முடிவாக, மொழிக்குரிய ஒரு கடமையைச் சுட்ட விரும்புகிறோம். இத்தகைய திட்டம் எந்நாட்டில் வரினும், அதனைப் பற்றிய கேள்விகளை மக்கள் தத்தம் மொழியில் கேட்க வல்லவராதல் வேண்டும். துளை எவ்வளவு ஆழம், எடுத்த நீர் எங்கே திரும்பும், அதிர்வை அளப்போர் யார், நிறுத்தும் உரிமை யாரிடம் என்பன கேட்பதற்குக் கலைச்சொற்கள் தேவை. அவை வகுப்பறையிலும் செய்தியிலும் வீட்டிலும் புழங்கினாலன்றி உயிர் பெறா.

நாம் இவ்வெப்பத்திற்கு ‘ஆற்றல்’ என்னும் சொல்லைச் சேர்த்து வழங்குகிறோம். தமிழில் ஆற்றுதல் என்றால் செய்தல். பொறுத்தல் எனவும் பொருள்படும். சூடு தணித்தல் என்பதும் உண்டு. இவை ஒரே வேரின என நாம் சாதிக்கவில்லை; ஒலியால் ஒன்றி நிற்பனவும் உளவாகலாம். ஆயினும் லார்டெரெல்லோ செய்ததும், ரோட்டோருவா பொறுத்ததும், செம்பவாங் இனித் தணிக்கக்கூடியதும் அவ்வொரு சொல்லில் அடங்குகின்றன. செய்வதற்கு நாம் விரைகிறோம். நிலம் பொறுக்கும் அளவையும் அதனோடு கற்றுக்கொண்டால், ஆயர் பானாஸ் எனப் பெயரிட்டோர் விட்டுச்சென்ற அறிவிற்கு நாம் தக்க மரபினர் ஆவோம்.